கப்பியின் ஒன்பதாவது பாட்டு

என் வீட்டுக்காரரின் முதல் பாட்டு ஆல்பம் வெளிவர ஒன்பது நாள் இருந்தபோது, அதில் ஒன்பதாவதாக வரும் பாட்டை நான் முதல்முறையாகக் கேட்டேன். அந்தப் பாட்டில் இருந்தது என் கதை. எங்கள் குடும்பத்தில் என்னைச் சேர்த்து மூன்றே பேருக்குத் தெரிந்த கதை. நான்காவது ஆளாக என் மகளுக்கு அது தெரிந்துவிடக் கூடாது என்று இருபத்தைந்து வருஷம் மூடி வைத்திருந்தேன். மனுஷன் அதற்கு மெட்டுப் போட்டு, நடுவில் மவுத் ஆர்கன் வேறு வாசித்து வைத்திருந்தார்.

முதலில் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இவ்வளவு பெரிய காரியத்தை ஒருவர் இவ்வளவு சாதுவாகச் செய்ய முடியும் என்பதை நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருஷமாக ஒரே கம்பெனி, ஒரே நீலச் சட்டை, ஒரே கருவிப் பை. கம்பெனியில் அவருக்குப் பெயர் கப்பி. லிஃப்டுக்கு மேலே கயிறு ஓடும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே எப்போதும் குடியிருப்பார் என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் எண்ணெய் போடாத கப்பி மாதிரி நாலு முறை கிரீச்சிட்ட பிறகுதான் ஒரு வார்த்தை வெளியே வரும் என்பது இன்னொரு காரணம். கல்யாணமான புதிதில் அவர் பேசட்டும் என்று காத்திருப்பேன். பிறகு கேள்வியும் நானே, பதிலும் நானே என்று பழகிக்கொண்டேன். சண்டை போடுவதற்குக்கூட இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தியே பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் பாடுவார். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறையில் தனியாக இருக்கும்போது பாடுவார். கீழே லிஃப்ட் ஓடும் நீளக் குழிக்குள் குரலை விட்டால் அது சுற்றிச் சுற்றித் திரும்பி வரும், அதில் மயங்கித்தான் ஆரம்பித்தாராம். வீடு மாறிப் போன ஒரு குடித்தனக்காரர், வண்டியில் இடமில்லை என்று இவர் கையில் கொடுத்துவிட்டுப் போன கிட்டார் ஒன்று வந்து சேர்ந்தது. கம்பிகளை விரலால் அழுத்தும் மூன்று பிடி கற்றுக்கொண்டார். இருபத்தெட்டு வருஷமாக அதே மூன்று பிடிதான். பாட்டெல்லாம் அவரே கட்டுவது. நாலாவது மாடியில் ஏறி, கதவு மூடியதும் மூச்சை அடக்கிக்கொள்ளும் ஆபீஸ்காரர் மேல் ஒரு பாட்டு. காய்கறிப் பையோடு ஏறி, தன் மாடி வந்தும் இறங்காமல் ஒரு சுற்று சும்மா போய் வரும் அம்மாள் மேல் ஒரு பாட்டு. மெட்டெல்லாம் நடந்துகொண்டே பாடுகிற மாதிரி நிதானமாக இருக்கும். அதற்கு ஃபோக் என்றும் கண்ட்ரி என்றும் பெயர் உண்டு என்று பின்னால் ஸ்டுடியோக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதுவரை ‘இவர் பாட்டு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. காகிதம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அதன் வெள்ளைப் பக்கம் அவருக்குச் சொந்தம். மறுபக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே மாட்டார். டாக்டர் சீட்டு, பஸ் டிக்கெட், உதிரிபாகக் கடைச் சீட்டு, எல்லாவற்றின் முதுகிலும் பாட்டு இருக்கும். ஒருமுறை மகளின் மதிப்பெண் அட்டையின் பின்னால் மூன்று சரணம் எழுதிவிட்டார். அட்டை பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. கிரீஸ் படிந்த கையைப் பற்றி உங்கள் அப்பா எழுதியிருப்பது நன்றாக இருக்கிறது, ஆனால் கையெழுத்தைக் காணோமே என்று டீச்சர் திருப்பி அனுப்பினார். அப்போது நானும் சிரித்தேன். அதே பழக்கம் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை என்ன செய்திருந்தது என்று தெரிந்தும் சிரித்தேன்.

ஆல்பம் வந்த கதை வேடிக்கை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நாலு பேர். அதில் ஒரு பெண்ணுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்து, சுவரில் குத்தத் தொடங்கிவிட்டாள். இவர் லிஃப்டின் கூரை மேல் நின்றுகொண்டு வேலை செய்தபடியே, பயப்படாதீங்க என்று சொல்ல வாய் வராமல், பாடியிருக்கிறார். நாற்பது நிமிஷம் பாடியிருக்கிறார். கதவு திறந்ததும் மூன்று பேர் தலைதெறிக்க ஓடினார்கள். நாலாவது ஆள் மட்டும் நின்று, அந்தப் பாட்டெல்லாம் யாருடையது என்று கேட்டார். அவர் அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஒலிப்பதிவு ஸ்டுடியோ வைத்திருப்பவர். எட்டு மாதம், சனிக்கிழமை சனிக்கிழமையாகப் போய்ப் பத்துப் பாட்டு பதிவு செய்தார்கள். ஆல்பத்துக்கு ‘இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்’ என்று பெயர் வைத்தார்கள். ஆல்பம் வெளிவரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சின்னதாக ஒரு கூட்டம், அங்கே இவர் நேரில் பாட வேண்டும் என்று ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கேட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஐம்பத்திநாலு வயசில் புதுச்சட்டை வாங்கி, அதைப் போட்டுப் பார்க்கவும் பயந்து, அட்டைப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தார்.

மற்ற பாட்டையெல்லாம் எனக்குப் போட்டுக் காட்டியவர் ஒன்பதாவதை மட்டும் ‘இன்னும் முடியலை’ என்றே தள்ளிக்கொண்டு வந்தார். அந்தப் புதன்கிழமை காலையில், நான் சமையலறையில் இருக்கும்போது, போனையும் காதில் மாட்டும் கருவியையும் மேஜை மேல் வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய் எதையோ பார்ப்பதுபோல நின்றுகொண்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

பாட்டு குதூகலமாகத்தான் ஆரம்பித்தது.

‘சின்னக் கால் ரெண்டு தரையளக்குது,
சேர்ந்து நடப்போம் வா என்குது.
வீடு நிறைய ஆளிருக்குது,
வேறென்ன வேணும் எனக்கு?’

இரண்டாவது சரணத்தில் கிட்டார் அடங்கிப்போய், பேசுகிற மாதிரி பாடியிருந்தார்.

‘பாலை ஆற்றிக் கொடு, சூடு பார்த்துக் கொடு.
மூக்கடைச்சா தோளில் போட்டு நட.
நீலப் போர்வை இல்லாமல் தூங்க மாட்டாள்.
என்னைத் தேட வேண்டாம்.’

அது அவர் எழுதியதில்லை. நான் எழுதியது. ஒரு வார்த்தை மாறாமல் நான் எழுதியது.

மகளுக்கு அப்போது பத்து மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆயிற்று என்று அப்போது சொல்லத் தெரியாது, இப்போதும் முழுசாகச் சொல்லத் தெரியாது. தூக்கம் போய்விட்டது. குழந்தை அழுதால் பக்கத்து வீட்டில் யாரோ அழுவதுபோலக் கேட்கும். இந்தப் பிள்ளைக்கு நான் ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயம் வந்தது. ஒரு மத்தியானம் குழந்தையைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் விட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு தாளில் அந்த நாலு வரியை எழுதிக் கிட்டார் கம்பியில் செருகிவிட்டு, பஸ் ஏறிவிட்டேன். அந்த வீட்டில் அவர் கட்டாயம் தொடுகிற பொருள் கிட்டார் ஒன்றுதான் என்று கணக்குப் போட்டேன்.

கணக்குச் சரிதான். வேலையிலிருந்து வந்தார், நான் கடைக்குப் போயிருக்கிறேன், வரத் தாமதமாகும் என்று நினைத்துக்கொண்டார், குழந்தையைத் தையல்காரம்மாவிடம் வாங்கிக்கொண்டார், கிட்டாரை எடுத்தார், தாளை உருவினார். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தது. அதில் ‘சின்னக் கால் ரெண்டு’ என்று பாட்டு எழுதினார். குழந்தையோடு அப்படியே தூங்கியும் போனார். மறுநாள் காலையில் பாட்டை நோட்டில் எடுத்து எழுத உட்கார்ந்தபோதுதான் தாள் கை தவறிக் கவிழ்ந்து விழுந்தது. பெண்டாட்டி வீட்டை விட்டுப் போனதைக் கையில் வைத்துக்கொண்டே, அதன் முதுகில் ‘வீடு நிறைய ஆளிருக்குது’ என்று எழுதிய ஆள் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பதினொரு நாள் போயிருந்தேன். என் நாத்தனார் வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். தாள் கவிழ்ந்த கதையைப் பின்னால் எனக்குச் சொன்னவளும் அவள்தான். அவள் வாய் சும்மா இருக்காது, அவளிடம் ஒன்று சொன்னால் ஊர் வானொலியில் சொன்ன மாதிரி. ஆனால் இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை வெளியில் அவள் மூச்சு விட்டதில்லை. பதினோராம் நாள் திரும்பி வந்து கதவைத் தட்டினேன். இவர் திறந்து, “வா, டீ போடறேன்” என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை, நானும் அது முடிந்த கதை என்று இருந்துவிட்டேன்.

இப்போது என்ன பயம், மகள்தான் வளர்ந்துவிட்டாளே என்று நீங்கள் கேட்கலாம். மகளுக்கு நாலு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிறாள். குழந்தை பிறந்து ஒரு மாதத்தில் ஒருநாள் போன் செய்தாள். இது அது என்று பேசிவிட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடலாம் என்று உனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா அம்மா என்று கேட்டாள். நான் பட்டென்று, “சே, பெத்த தாய்க்கு அப்படியெல்லாம் தோணுமா?” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் “சரிம்மா” என்று போனை வைத்துவிட்டாள். நல்லபடியாகச் சமாளித்தோம் என்று அன்றைக்கு எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

பால்கனிக்குப் போய், “என்னங்க இது?” என்றேன். அவர் திரும்பாமலே, உனக்குப் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றார். சொன்னதோடு நிற்காமல் அங்கேயே ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டு, ஒன்பதாவது வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஒரு வார்த்தை ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு நான் இடுப்பை வரிந்துகட்டிக்கொண்டு போனால் எதிராளி மைதானத்திலேயே இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் பாட்டுகளை எல்லாம் வெளியீட்டுக்கு அனுப்பியாக வேண்டும், அதுவரை யோசியுங்கள் என்றாராம் ஸ்டுடியோக்காரர். மறுநாள் நான் வேலை பார்க்கும் கடையில் இருக்கும்போது எனக்கே போன் செய்தார். எதற்காக எடுக்கச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. “அக்கா, தப்பா நினைக்காதீங்க. மத்த ஒன்பது பாட்டும் லிஃப்டைப் பத்தி, அதுல ஏறி இறங்கற ஆளுங்களைப் பத்தி. இது ஒண்ணுதான் அவரைப் பத்தி. இதை எடுத்துட்டா இந்த ஆல்பத்துல அவரே இல்லை” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அதற்கு மேல் ஒன்று நடந்திருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வருஷத்தில் நாலு வாக்கியம் பேசும் மனுஷன், போன மாதம் மகளிடம் போனில், உன்னைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, ஒன்பதாவது, என்று பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறார். அவளும் கேட்க ஆசையாகக் காத்திருக்கிறாளாம். பாட்டை எடுத்தால் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பாள். வைத்தால் கேட்டுவிடுவாள். நீலப் போர்வை யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதன் ஒரு துண்டை இன்னமும் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலையில் இருக்கிறேன். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்த வாரம் வெள்ளிக்கிழமை இடது கண்ணுக்கான லென்ஸை வலது பக்கச் சட்டத்துக்கு வெட்டிவிட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. கடைக்காரர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மகள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், பேத்தியை என் கையில் தருவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பாள், அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியாது. இதுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

சனிக்கிழமை சாயங்காலம் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். எடுப்பது எடுக்காதது அப்புறம், இதை எதற்கு எழுதினீர்கள், என்னை ஊர் முன்னால் நிறுத்தவா என்று கேட்டேன். அவர் எழுந்து போய்க் கருவிப் பையைக் கொண்டு வந்தார். ஸ்பேனர்களுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், அந்தத் தாள் இருந்தது. ஒரு பக்கம் என் கையெழுத்து, மறுபக்கம் அவர் கையெழுத்து. இருபத்தைந்து வருஷமாக அதைத் தூக்கிக்கொண்டுதான் மாடி மாடியாக ஏறியிருக்கிறார்.

“உன்னைச் சொல்லலை” என்றார். “அந்தப் பாட்டுல நான் என்னைத்தான் சொல்றேன். நீ எழுதினதைக் கையில வெச்சுக்கிட்டே அது மேல எழுதினேன். ஒரு தடவை திருப்பியிருந்தா அன்னைக்கே தேடி வந்திருப்பேன். நீ தப்பு பண்ணினேன்னு நான் எங்கேயும் எழுதலை. எனக்கு அப்படித் தோணவும் இல்லை.”

எங்கள் முப்பது வருஷ வாழ்க்கையில் அவர் பேசிய நீளமான பேச்சு அது. பேசி முடித்து அவருக்கே மூச்சு வாங்கியது. நான் பாட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். மூன்றாவது சரணத்தை முதல்முறை நான் பயத்தில் சரியாகக் கேட்கவே இல்லை. ‘எழுதின பக்கம் விடிஞ்சுதான் பார்த்தேன், எத்தனை ஊர் தாண்டிப் போயிருப்பியோ’ என்று இருந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருஷம் கழித்துப் பாட்டில் சொல்கிறவர் அந்த டீயைக் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

நாளைக்கு நானே போய் அவளிடம் சொல்கிறேன் என்றேன். சொல்ல முடிந்தால் பாட்டு இருக்கட்டும், முடியாவிட்டால் எடுத்துவிடலாம். அவர் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் உதடு அசைவதைப் பார்த்து ஜெபம் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மருந்துக் கடையில் வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நான் போன நேரம் கிளம்பிக்கொண்டிருந்தார். “வாங்க அத்தை. வீட்டைப் பாருங்க, எப்படி வெச்சிருக்கான்னு. எனக்கே எல்லாம் எங்க இருக்குன்னு இப்பதான் தெரியுது” என்று சிரித்துவிட்டுப் போனார்.

வீடு கண்ணாடி மாதிரி இருந்தது. பால் புட்டிகள் உயரவாரியாக நின்றன. அலமாரித் தட்டுகளில் துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. ‘காலை உடுப்பு’, ‘குளிருக்கு’, ‘வெளியே போகும்போது தொப்பி மறக்காதே’. மருந்துப் புட்டியில் ‘இந்தக் கோடு வரைக்கும் மட்டும்’. ஃப்ரிட்ஜில் பால் நேரம் எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தது. படுக்கையறை விளக்கு ஸ்விட்சில்கூட ‘இதைப் போட்டால் விழித்துக்கொள்வாள்’ என்று இருந்தது. எல்லாம் பெரிய பெரிய எழுத்து. உங்கள் அப்பா எழுதினால் தொலைப்பார், நீ எழுதி ஒட்டிவிடுகிறாய், இந்தச் சமர்த்து எங்கிருந்து வந்தது என்று மெச்சினேன். அவள் லேசாகச் சிரித்தாள். மெலிந்திருந்தாள், தலை படிய வாரியிருந்தாள், குழந்தையைத் தூக்கி என்னிடம் நீட்டியபோது கை ஒரு கருவி மாதிரி நேராக வந்தது. பிள்ளை பெற்றவளுக்கு அசதி இருக்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் போனது. பேத்தி தூங்கிவிட்டாள். நான் பஸ்ஸைப் பற்றிப் பேசினேன், கடைக்காரரைப் பற்றிப் பேசினேன், அப்பாவின் புதுச்சட்டையைப் பற்றிப் பேசினேன். சொல்ல வந்ததை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் அவளே, பாட்டு கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டாள். வாயால் சொல்லத் தைரியம் இல்லாத கோழை நான். போனை மேஜை மேல் வைத்துப் போட்டுவிட்டேன். அவள் தொட்டியில் புட்டி கழுவிக்கொண்டே கேட்டாள், எனக்கு முதுகுதான் தெரிந்தது.

முதல் சரணம் முழுக்கப் புட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது சரணத்தில் நீலப் போர்வை வந்ததும் தண்ணீரை நிறுத்தினாள். ‘என்னைத் தேட வேண்டாம்’ என்று அவள் அப்பா குரல் சொல்லி முடித்து, மூன்றாவது சரணமும் போய், மவுத் ஆர்கனும் ஓய்ந்தது.

“இது நீ எழுதினதா?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“எத்தனை நாள்?”

“பதினொரு நாள். உனக்குப் பத்து மாசம் அப்போ.”

கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். கத்துவாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன்.

“நான் அன்னைக்குப் போன்ல கேட்டேனே அம்மா” என்றாள். “சும்மாவா கேட்டேன்? பெத்த தாய்க்கு அப்படித் தோணுமான்னு சொன்னே. எனக்குத் தோணுதே, அப்போ நான் யாருன்னு மூணு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

படுக்கையறைக்குப் போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். ஒரு கைப்பை, அவ்வளவுதான். ஜிப் போட்டு, கட்டித் தயாராக இருந்தது.

எப்போது என்று கேட்டேன். புதன்கிழமை, அன்றைக்கு அவருக்கு லீவு, குழந்தை தனியாக இருக்காது என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மாப்பிள்ளைக்குக் கடிதம் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். அந்த நேரத்தில் அதை ஏன் கேட்டேனோ தெரியாது.

“தாள்ல எழுதலைம்மா” என்றாள். “சுத்திப் பாரு. வீடு பூரா எழுதி ஒட்டியிருக்கேன்.”

பார்த்தேன். தொப்பி மறக்காதே. இந்தக் கோடு வரைக்கும் மட்டும். இதைப் போட்டால் விழித்துக்கொள்வாள். ஒரு மணி நேரமாக அதன் நடுவில் உட்கார்ந்து, சமர்த்து சமர்த்து என்று மெச்சிக்கொண்டிருந்தேன். லென்ஸில் தலைமுடிக் கீறலைக் கண்டுபிடிக்கிறவளாம்.

“எங்க போறதா இருந்தே?”

“தெரியலை. உன்கிட்ட மட்டும் வரக் கூடாதுன்னு இருந்தேன்.”

அதற்கு அவள் என்னை அறைந்திருக்கலாம். என் மகள் எனக்கு எட்டாத இடத்துக்குப் போகப் பார்த்தாள், அவளை அங்கே தள்ளியது நான் போனில் சொன்ன அந்த ஒரு பொய். எழுந்து போய் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பு ஒரு கடையில் என்னோடு வேலை செய்த ஒருத்தியின் விடுதி அறையில் இரண்டு நாள் முழுக்கத் தூங்கினேன் என்று சொன்னேன். முதல் நாள் உன் ஞாபகமே வரவில்லை, அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு குளியலறையில் நின்று அழுதேன் என்று சொன்னேன். அந்த விடுதிக்காரி என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டர் முன்னால் உட்கார வைத்ததையும், உன்மேல் தப்பில்லை, இது உடம்புக்கு வருகிற மாதிரி மனசுக்கு வருவது என்று அந்த டாக்டரம்மா சொன்னதையும், அதை நம்பவே எனக்கு எட்டு நாள் ஆனதையும் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கையை உருவிக்கொள்ளவில்லை. டாக்டர் சொன்னது வந்தபோது அழ ஆரம்பித்தாள், அழட்டும் என்று விட்டேன்.

நாளைக்குக் காலையில் டாக்டரிடம் நானும் வருகிறேன், மாப்பிள்ளை வந்ததும் அவரிடமும் சொல்வோம், இப்போது நீ போய்ப் படு என்றேன். குழந்தை எழுந்தால் என்று ஆரம்பித்தாள். “எழுந்தா நான் இருக்கேன். எல்லாம்தான் எழுதி ஒட்டியிருக்கியே” என்றேன். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுக்கப் போனாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் போன் செய்தார். ஸ்டுடியோக்காரர் கேட்கிறார், என்ன சொல்லட்டும் என்றார். வேண்டாம், எடுக்க வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

“சொல்லிட்டியா? அவ என்ன சொன்னா?”

“தூங்கறா. மூணு மணி நேரமா அசையாம தூங்கறா. நான் இங்கேயே இருக்கப் போறேன். வெள்ளிக்கிழமை என்னை எதிர்பார்க்காதீங்க.”

இத்தனை நாளாக அவர் பயந்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் நான் இருப்பேன் என்பது ஒன்றுதான் அவருக்கு இருந்த தைரியம். அது எனக்கும் தெரியும்.

“எனக்கும் வரணும்போல இருக்கு” என்றார்.

“சனிக்கிழமை வாங்க. வெள்ளிக்கிழமை நீங்க பாடுங்க.”

சரி என்றார். உள்ளே பேத்தி சிணுங்கினாள். விளக்கைப் போடாமல் தடவிக்கொண்டே போய் அவளைத் தூக்கினேன். மகள் புரண்டு படுத்தாள், விழிக்கவில்லை.